இடது கால் ஃபின்

அதை எடுக்காதேம்மா. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும், நீளமாக, கறுப்பாக, சுறா மாதிரி. வாங்கிக்கொண்டு போய் ஒரு தடவை கடலில் இறங்கினால் தெரியும், கெண்டைக்கால் கல்லாகிவிடும். முன்னால் பலகை மாதிரி நீண்டிருக்கிறதே, பிளேடு, அதை வளைத்துப் பார். வளையவில்லை இல்லையா? அது வளையாவிட்டால் உன் கால்தான் வளைந்துகொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். நானும் அதைத்தான் எடுத்தேன்.

எனக்கில்லைம்மா. எனக்கு நீச்சலே தெரியாது. மெரினாவில் கால் நனைத்ததோடு சரி, அதுவும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். என் பெண்ணுக்கு.

உட்கார். கடைக்காரர் ரொசாரியோ உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார், எனக்காகத்தான். வர நேரமாகும். அதுவரை அந்த மஞ்சளைப் போட்டுப் பார். வெறுங்காலோடு இல்லை. அந்தக் கூடையில் பூட் இருக்கிறது பார், தடித்த ரப்பர் காலுறை மாதிரி, அதைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஃபின்னை, நீந்துவதற்குக் காலில் மாட்டுகிற இந்தத் துடுப்பை, மாட்டு. செருப்புக் கடையில் போல வெறுங்காலை நுழைத்துப் பார்த்து வாங்கினால் அங்கே போய் நுழையாது. அந்தத் தப்பையும் செய்து முடித்தவள் நான். மாட்டினாயா? பின்னால் ஸ்ட்ராப்பை இழு. இப்போது விரல்களை ஆட்டு. ஆடுகிறதா? குதிகாலைத் தூக்கு. கழன்று வரவில்லையே? அப்படியென்றால் அது உன்னுடையது. நிறத்தைப் பற்றி யோசிக்காதே. தண்ணீருக்குள் கொஞ்சம் ஆழம் போனாலே மஞ்சள் மஞ்சளாக இருக்காதாம், கோதை சொல்வாள்.

கோதை என் பெண். அந்தமானில் இருக்கிறாள், ஹேவ்லாக் தீவில். டைவிங் சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளைக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள், தேனிலவுக்கு வருகிற பிள்ளைகள், எல்லாரையும் கையைப் பிடித்துக் கடலுக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். நாளைக் காலை எனக்கு விமானம். இரண்டு வருஷமாகிறது அவள் முகத்தைப் பார்த்து. போனில் பார்ப்பது பார்ப்பதாகுமா? இப்போதுதான் வரச் சொல்லியிருக்கிறாள். ஒரு நிபந்தனை போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். பெற்றவளுக்கு நிபந்தனை. உன் அம்மாவுக்கு நீ நிபந்தனை போடுவாயா? சிரிக்கிறாய். போடுவாய் போலிருக்கிறது.

உனக்கு வீடு எங்கே, நங்கநல்லூர்ப் பக்கமா? இல்லையா, நல்லது. அங்கே எல்லாரிடமும் அவள் போர்ட் பிளேரில் பேங்கில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். டைவிங் என்று சொன்னால் உடனே கேட்பார்கள் பார், அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி என்று. கேட்டுவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலை என்னால் கேட்க முடியாது. அவளுக்காகத்தான்.

கோதைக்கு இடது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே. காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஸ்கூட்டரில் போனாள், திருப்பத்தில் ஒரு மணல் லாரி. அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

படம் காட்டுகிறேன், இரு. இதோ. படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் எவ்வளவு நீலம் பார். எத்தனை அழகாக இருக்கிறாள். அவள் அனுப்பியபோது முழுப் படமாகத்தான் அனுப்பினாள், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிகிற மாதிரி. நான் இடுப்புவரைக்கும் வெட்டிவிட்டேன். போனைத் திறந்தால் முகம் வர வேண்டும், அதுதானே முக்கியம். முகத்தை விட்டுவிட்டு யாராவது காலைப் பார்ப்பார்களா?

நான் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை, தெரியுமா. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் வெளியே நிற்பேன். அவளுக்குக் கூச்சமாக இருக்கும் இல்லையா, வயசுப் பெண். வீட்டுக்கு வந்த பிறகு அவளே செய்துகொள்வாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் போய்ச் சாத்திவிட்டு வருவேன்.

வீட்டை விட்டுப் போனது எதற்கென்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்கிற மாதிரி பார்க்கிறாய். ஒன்றுமில்லைம்மா. ஒரு கேசரித் தட்டு.

தாம்பரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். காலைப் பற்றித் தரகரிடம் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். முதலில் பெண்ணைப் பார்க்கட்டும், அவள் பேச்சைக் கேட்கட்டும், பிடித்துப்போகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர்கள் வருவதற்கு முன்பே அவளைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். நீலப் பட்டு, கொசுவம் தரையில் புரளுகிற மாதிரி நானே மண்டி போட்டு எடுத்துவிட்டேன். அப்போது குனிந்து காதோடு கேட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அப்புறம் சொல்லிக்கலாம். நீ சிரிச்ச முகமா இரு."

அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மாதான் கெடுத்தாள். "பொண்ணு எழுந்து வந்து ஒரு காபி குடுக்கலாமே, உட்கார்ந்தே இருக்கே" என்றாள். நான் "அவளுக்கு லேசா ஜுரம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, கோதை குனிந்து புடவைக்குள் கையை விட்டு அந்தச் செயற்கைக் காலைக் கழற்றி டீப்பாய் மேல் வைத்தாள். கேசரித் தட்டுக்குப் பக்கத்தில்.

"எழுந்து வரணும்னா இதை மாட்டிக்கணும் ஆன்ட்டி. மாட்டிக்கட்டுமா?"

நீயே சொல், கோபம் இருக்கட்டும், சாப்பிடுகிற பண்டத்துக்குப் பக்கத்திலா வைப்பது? கீழே வைத்திருக்கலாம். என் மடியில் வைத்திருந்தால்கூட ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அந்தப் பையன் ஒருத்தன், அவனுக்கு என்ன வளர்ப்போ, "தூக்கிப் பார்க்கலாமா, எவ்வளவு வெயிட் இருக்கும்?" என்று கேட்டான். அவனிடம் எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த மாதிரி விவரம் கெட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல் போனதே நல்லது என்று பிற்பாடு மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த மாதத்திலேயே கிளம்பிவிட்டாள். அதற்கு முன்னாலேயே பாண்டிச்சேரிக்கு வாராவாரம் போய் டைவிங் கற்றுக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. சிநேகிதி வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது சொன்னாள், "தண்ணிக்குள்ள நான் நொண்டலம்மா. ஒரு தடவை வந்து பாரேன்." அந்த வார்த்தையெல்லாம் உன் வாயால் சொல்லாதே என்று அதட்டினேன். நல்ல நேரம் பார்த்துப் புறப்படுகிறபோது பேசுகிற பேச்சா அது.

போய் ஆறு மாதம் போனை எடுக்கவில்லை. அப்போதுதான் இந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். என்ன கொடுத்தால் ஒரு பெண் போனை எடுப்பாள்? புடவை கட்டமாட்டாள். நகை போடமாட்டாள். அவளுக்கு என்ன வேண்டுமோ அதை வாங்கிக் கொடுப்போம் என்று இங்கே வந்து, இருப்பதிலேயே விலை கூடியதாக, நீ எடுத்தாயே, அந்தக் கறுப்பை ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். போன் வந்தது. பார்த்தாயா, வந்தது. "அம்மா, ஒரு காலால உதைக்கிறப்ப ஃபின் இவ்வளவு கெட்டியா இருந்தா உடம்பே சுத்திக்குது, பம்பரம் மாதிரி" என்று சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது. பத்து நாளில் ஒரு பார்சல் வந்தது. ஒரு ஃபின்னைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒன்றை மட்டும்.

சரி, வகை தப்பு என்று படிக்க ஆரம்பித்தேன். நான் பி.ஏ. தமிழ் படித்தவளம்மா, காலேஜில்கூட இப்படி உட்கார்ந்து படித்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தப் பாழாய்ப்போன போனில் வீடியோ பார்த்தேன். ஒரு காலே எல்லா வேலையும் செய்வதால் பிளேடு மெத்தென்று வளைய வேண்டும், அதே சமயம் அகலமாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். வாங்கி அனுப்பினேன். அது பூட்டோடு நுழையவில்லை. அவளுடைய பழைய செருப்பின் அளவை வைத்து வாங்கியிருந்தேன். பவளப்பாறையில் வெறுங்காலை வைக்க முடியாதே, பூட் இல்லாமல் எப்படி. மறுபடி ஒரு பார்சல், ஒரு ஃபின்.

மூன்றாவது தடவை ரொசாரியோவைப் பிடித்துக்கொண்டு பூட்டின் அளவு, பிளேடின் வளைவு, ஸ்ட்ராப்பின் இழுப்பு எல்லாம் பார்த்து வாங்கினேன். அவள் அன்றைக்கே கூப்பிட்டாள். "வழுக்கிட்டுப் போகுதும்மா. நான் உதைக்கிற மாதிரியே தெரியல, கடலே என்னைத் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கு." எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அடுத்த வாரம் பார்சல் வந்தது.

இப்போது என்ன குறை? வகை சரி, அளவு சரி, எல்லாம் சரி. மூன்று ஃபின்னையும் பழைய பருத்திப் புடவையில் சுற்றி பீரோவில் அவள் பாவாடைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றும் இடது கால் ஃபின். கூப்பிட்டுக் கேட்டே விட்டேன்.

"என்ன குறைடி கண்டே அதுல?"

"குறையே இல்லம்மா. ஏன் ஜோடியாவே அனுப்புறே?"

"ஒத்தையா எந்தக் கடையில குடுப்பான்?"

"ரொசாரியோ அங்கிள் குடுப்பார். நான் கேட்டுட்டேன்."

"எந்தத் தாயாராவது பொண்ணுக்கு ஒத்தையா எடுத்துக் குடுப்பாளா? வளையல்னாலும் ரெண்டு, கொலுசுன்னாலும் ரெண்டு."

"ஒத்தைக் கால் பொண்ணோட அம்மா குடுப்பா."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிடிவாதம் பார்த்தாயா. இது பிடிவாதமில்லாமல் என்ன? ஒன்று வேண்டாம் என்றால் ஒரு மூலையில் போட்டுவைக்க வேண்டியதுதானே. அத்தனை தூரத்திலிருந்து கூரியர் காசு கொடுத்துத் திருப்பி அனுப்புவானேன்? ஒற்றைச் செருப்பை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, ஒற்றைச் செருப்போடு வாசல் தாண்டக்கூடாது, இதெல்லாம் நான் கண்டுபிடித்ததா? நம் வீடுகளில் உண்டா இல்லையா? நீ இந்தக் காலத்துப் பெண், உனக்குத் தெரிந்திருக்காது.

செருப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. விபத்தன்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். பெண்ணோட சாமான் என்றாள். வாட்ச், ஐடி கார்டு, ஒரு செருப்பு. வலது கால் செருப்பு. பழுப்புத் தோல், மேலே சின்னச் சின்னக் கண்ணாடி பதித்தது, தீபாவளிக்கு வாங்கினது. "இன்னொண்ணு?" என்று கேட்டேன். "கிடைக்கலைம்மா, ரோட்டுலயே இருக்கும்" என்றாள். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. நான் ஆட்டோ பிடித்து அந்தத் திருப்பத்துக்குப் போனேன். மணலைக் கொட்டி மூடியிருந்தார்கள். சாக்கடை ஓரம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடினேன். டீக்கடைக்காரரும் கூட வந்து தேடினார், பாவம். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது தீபாவளிக்கு வாங்கின அதே செருப்புக் கடையில் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கண் விழித்து இறங்கும்போது காலுக்கு வேண்டுமே. கட்டிலுக்குக் கீழே இரண்டையும் சேர்த்து வைத்தேன். அவள் கண் விழித்து முதலில் பார்த்தது அதைத்தான். ஏனோ என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

போன வாரம் கூப்பிட்டாள். அந்த நல்ல ஃபின் பாறையில் பட்டுக் கிழிந்துவிட்டதாம். "நீயே கொண்டு வந்து குடு. நான் டைவ் பண்றதைப் பாரு. ஆனா ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வா. பெட்டியில ரெண்டு இருந்துச்சுன்னா படகுத்துறையிலேர்ந்தே திருப்பி அனுப்பிடுவேன்மா. நிஜமாச் சொல்றேன்" என்றாள். அவள் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது, மிரட்டுகிற மாதிரி இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. மிரட்டுகிறவள் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

இதோ வந்துவிட்டார். ரொசாரியோ, கிடைத்ததா? இதேதான். இந்தப் பச்சைதான். எனக்கு வலது காலுக்கு உள்ளது மட்டும் கொடுங்கள். இடதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பேசியபடி.

என்ன சொல்கிறார், கேட்டாயா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் ரொசாரியோ.

"இதுல இடது வலது கிடையாதும்மா. எந்தக் கால்லயும் மாட்டலாம். எதை வேணா எடுத்துக்கோங்க. கடல்ல ஒண்ணை விட்டுட்டு வந்து நிக்கிறவங்க நிறைய பேர், இன்னொண்ணு எனக்கு வித்துப்போயிடும்."

ஒன்றின் மேல் ஒன்றை வையுங்கள். வைத்துக் காட்டுங்கள். இந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஒரே மாதிரி இருக்கிறது.

அப்படியென்றால் என் பீரோவில் இருக்கிறது இடது கால் ஃபின் இல்லையா? மூன்றும்? மூன்றும் அவள் வலது காலிலேயே மாட்டுகிறதுதானா? அந்தக் கடைசி நல்லதையாவது, ஒன்று கிழிந்தால் ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கலாமே. அவளுக்கு இது தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள். தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள். வேண்டியதையே வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறாள். எதற்கு? ஏம்மா, உனக்குத் தெரிந்தால் சொல்லேன், எதற்கு?

நீயும் சுவரைப் பார்க்கிறாய்.

இரு. இது நல்லதாகவும் போயிற்று. இரண்டும் ஒரே மாதிரி என்றால் இரண்டையுமே கொண்டுபோகலாம். இரண்டும் உன் வலது காலுக்குத்தாண்டி, ஒன்று மாட்ட, ஒன்று உபரி என்று சொல்லலாம். அவள் சொன்ன மாதிரியும் ஆயிற்று, நான் ஜோடியாகக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. என்ன ரொசாரியோ, சரிதானே? ஏன் ஒன்றை மட்டும் நீட்டுகிறீர்கள்?

அவர் ஒன்றுதான் கொடுப்பார். அவளோடு போனில் பேசியிருக்கிறாரே.

சொல்லலாம். சொன்னால் அவள் பெட்டியைப் பார்ப்பாள். கட்டிலில் படுத்துக்கொண்டு செருப்பைப் பார்த்தாளே, அந்த மாதிரி பார்ப்பாள், பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அங்கே திரும்பிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

பீரோவில் இருப்பதைக் கொண்டுபோனால் அவள் திருப்பி அனுப்பினதையே மறுபடி கொடுத்ததாகும். ஒன்று போடுங்கள். ஒன்று மட்டும். பரிசுக் காகிதம் வேண்டாம், இந்தத் துணிப்பையிலேயே போடுங்கள்.

எவ்வளவு லேசாக இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாத மாதிரி.

ஏம்மா, நீ பில் போட்டுவிட்டாயா? பிறகு போட்டுக்கொள்ளலாம், மஞ்சள் எங்கேயும் ஓடிவிடாது. எனக்கு ஒரு உதவி செய்வாயா? சிரிக்கக்கூடாது. இந்த இன்னொரு பச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு கூட வா. வாசல் தாண்டுகிறவரைக்கும். ஒற்றையாகத் தூக்கிக்கொண்டு அந்த வாசற்படியைத் தாண்ட என் கால் எழும்பாது. நீ பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நடந்தால் போதும். ரொசாரியோ, அஞ்சு நிமிஷம், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஆட்டோ வெளியே நிற்கிறது.

இந்தப் பக்கம் வா. என் இடது பக்கம். படி இருக்கிறது, பார்த்து. ஆங், அப்படித்தான். தாண்டியாயிற்று.

போதும், இங்கேயே நில். அதைக் கொண்டு போ உள்ளே. இப்போதே கொண்டு போ. ஆட்டோவில் ஏறின பிறகு நான் கையை நீட்டினாலும் நீட்டுவேன். கேட்டாலும் கேட்பேன். கொடுத்துவிடாதேம்மா.